காசோலை யார் பேருக்கு?

எல்லையோரம் – 19

போன வாரம் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும் லாரி டிரைவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதே நெடுஞ்சாலையை ஒட்டிய ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குள், ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் ஆரம்பிக்கிறேன்.

சூளகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பெங்களூரில் விளம்பரப் படங்களுக்கு கேமரா உதவியாளராக ஏழு வருடம் ஓடியவள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஓசூரில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, ஒருத்தி ஷிப்ட் முடிந்து வர இன்னொருத்தி எழுந்து போக, பாய் மட்டும் சூடு ஆறாமல் கிடக்கிற வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைகிறாள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் வந்து வேலை பார்க்கும் பெண்கள். அவர்கள் அறைக்குள் இவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதுதான் இந்த மாதிரிப் படத்துக்குக் கிடைக்காத பொருள். பணம் மட்டும் பாக்கி.

அவள் போன கம்பெனியில் பெண்களை இப்படி அறைகளில் தங்க வைக்கும் வழக்கம் இல்லை. சமூகப் பொறுப்பு நிதியைப் பார்க்கும் அதிகாரி அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அவள் எடுத்து வைத்திருந்த நான்கு நிமிடக் காட்சியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்குங்க மேடம். கேட்டுப் பார்க்கலாம். செக்கை யார் பேருக்கு எழுதறது?"

"என் பேருக்குத்தான் சார்."

"தனி ஆள் பேருக்கு ஒரு ரூபா போட முடியாதுங்க. டிரஸ்ட் எதாவது இருக்கா? 12ஏ, 80ஜி இருக்கணும். சிஎஸ்ஆர்-1 நம்பர் இருக்கணும். மூணு வருஷம் வேலை செஞ்ச ரெக்கார்டு இருக்கணும். அப்படி ஒண்ணைக் கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். நோட்டில் அந்த நான்கையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தாள். "அண்ணா, இதெல்லாம் வாங்கிட்டுதான் படம் எடுக்கணும்னா நான் எப்ப எடுக்கறது?" என்றாள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

அந்த அதிகாரி சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அவர் கேட்ட 12ஏ, 80ஜி இரண்டும் வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்கிறது. ஒரு வருடத்தில் 5 கோடி நிகர லாபம் வந்தாலே அந்த வட்டத்துக்குள் வந்துவிடலாம். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, பாரம்பரியம், பெண்கள் மேம்பாடு எல்லாம் இருக்கின்றன. கம்பெனி இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் பணத்தைக் கம்பெனி தானே செலவழிக்க வேண்டும், அல்லது பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கமற்ற எட்டாம் பிரிவுக் கம்பெனி போன்ற ஓர் அமைப்பின் வழியாகச் செலவழிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அந்த அமைப்பு மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்து எண் வாங்கியிருக்க வேண்டும். தனி மனிதர் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-இல் டிவிஎஸ் மொபெட் இங்கிருந்து ஓட ஆரம்பித்தது. அசோக் லேலண்ட் வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கடிகாரங்கள் இங்கே உருவாயின. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் வருகிறது, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைப்பேசி உதிரிபாகங்கள் வருகின்றன. லாபமும் அந்த 2 சதவீதமும் இங்கேயே பிறக்கின்றன. சொல்ல வேண்டிய கதை நான்கு தெரு தள்ளி ஓர் அறையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காசோலையில் எழுத ஒரு பெயர் இல்லாததால் பணம் திரும்பிப் போகிறது.

அமெரிக்காவில் இந்தப் பெயரைக் கொடுப்பதையே ஒரு வேலையாகச் செய்கிறார்கள். ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப் என்று சொல்வார்கள். நான் இதைக் 'கணக்குப் பொறுப்பு' என்று சொல்கிறேன். அங்கேயும் அறக்கட்டளைகள் தனி ஆளுக்குச் சுலபமாகப் பணம் தருவதில்லை. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவான தொண்டு அமைப்பு வேண்டும். ஒரு படம் எடுப்பதற்காக ஒருவர் புதிதாக அமைப்பு தொடங்கி, குழு அமைத்து, வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்துகொண்டிருக்க முடியாது. அதனால் ஏற்கெனவே இருக்கும் அமைப்பு அந்தப் படத்தைத் தன் பணிகளில் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. நன்கொடை அமைப்பின் பெயருக்கு வரும். ரசீது அமைப்பு கொடுக்கும். வந்த பணத்தில் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் படத்துக்கு விடுவிக்கும். நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய விமன் மேக் மூவீஸ் என்ற பெண்கள் அமைப்பு பல பத்தாண்டுகளாக இதைச் செய்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் சர்வதேச ஆவணப்படச் சங்கமும் செய்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பணம் கைமாறிப் போகும் குழாயாக மட்டும் அந்த அமைப்பு இருந்துவிடக் கூடாது. வந்த பணம் சட்டப்படி அமைப்பின் பணம். செலவு படத்தின் நோக்கத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்கும் அதிகாரமும் கடமையும் அதற்கு உண்டு. தவறாகப் போனால் நிறுத்தலாம். அதே நேரத்தில் படத்தின் கதை, வெட்டு, ஒலி, பதிப்புரிமை எல்லாம் பெரும்பாலும் இயக்குநரிடமே இருக்கும்படி ஒப்பந்தம் எழுதுகிறார்கள். காசு ஒருவர் கையில், கலை இன்னொருவர் கையில். பணம் கொடுத்தவர் இந்த இரண்டு கையையும் பிடித்து இழுக்க முடியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

இதை விளக்கியபோது அவள் கேட்டாள்: "நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்குப் புரியும்ணா?"

நம் ஊருக்குத்தான் இது நன்றாகப் புரியும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலைத் தர்மராஜா கோயில் என்போம். அங்கே பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். நாள் கணக்கில் நடக்கும் அந்தக் கூத்துக்குக் காசு யார் தருகிறார்கள்? கூத்து வாத்தியார் வீடு வீடாகப் போய்க் கேட்பதில்லை. ஊர் தலைக்கட்டு வரி போடுகிறது. விழாக் குழுவில் ஒருவர் பணத்துக்குப் பொறுப்பு. அவர்தான் வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுக்கிறார், மீதியைப் படுகளம் முடிந்த பிறகு தருகிறார். கூத்தை எப்படி ஆட வேண்டும் என்று அவர் வாத்தியாருக்குச் சொல்ல மாட்டார்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்படிப்பட்ட கணக்கு நோட்டு ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுதான். மேலே பிள்ளையார் சுழி. இடது பக்கம் வரவு: பெயர், தகப்பன் பெயர், தொகை, கட்டிய தேதி. பாதி கட்டியவர் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி, மீதி வந்ததும் பேனாவில் வட்டம். வலது பக்கம் செலவு: பந்தல், மைக் செட், வாத்தியார் முன்பணம், படுகளத்துக்கு மண் அடித்த டிராக்டர், முகத்துக்கு அரிதாரம், மத்தளக்காரருக்குத் தனியாக வேட்டி. ஒரு இடத்தில் 'மழை – கூத்து இல்லை – சாப்பாடு மட்டும்' என்று எழுதி அந்த நாளின் தொகையை அடித்துவிட்டு, ஓரத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விழா முடிந்த மறுநாள் இந்த நோட்டை மைக்கில் வாசிக்கிறார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருப்பவருக்கும் தன் பெயரும் தொகையும் காதில் விழும்.

அமெரிக்கக்காரர்கள் நூறு பக்கக் கையேடு போட்டுச் சொல்வதில் முக்கால்வாசி இந்த நோட்டில் இருக்கிறது.

சினிமாவிலும் நமக்கு முன்மாதிரி உண்டு. ஷியாம் பெனகலின் 'மந்தன்' 1976-இல் வந்தது. குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் என்று எல்லோரும் சொல்வோம். புதுப்பிக்கப்பட்ட பிரதி 2024-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோதும் அந்த 2 ரூபாய்தான் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. நான் அந்தக் கதையில் வேறொன்றைப் பார்க்கிறேன். ஐந்து லட்சம் பேரிடம் பெனகல் உண்டியல் குலுக்கவில்லை. ஏற்கெனவே ஒரு கூட்டுறவு இருந்தது. காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, புத்தகத்தில் வரவு வைத்து, பணம் பட்டுவாடா செய்து பழகிய அமைப்பு அது. அந்த நம்பிக்கையின் மேல்தான் 2 ரூபாய் உட்கார்ந்தது. தயாரிப்பாளர் பெயரைப் போட ஒரு கூட்டுறவு இணையம் இருந்தது.

ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்' (1986) இதற்கு மறுமுனை. ஒடெசா என்ற கூட்டமைப்பாக நண்பர்கள் சேர்ந்து, கேரளத்தில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டினார்கள். மறுவருடம் ஜான் இறந்துபோனார். ஆனால் ஒடெசா என்ற பெயர் அதன் பிறகும் ஆவணப்படங்கள் எடுத்தது. ஆள் போன பிறகும் பெயர் வேலை செய்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே பவன் குமார் 'லூசியா' கன்னடப் படத்துக்கு 110 பேரிடமிருந்து 27 நாளில் சுமார் 50 லட்சம் திரட்டினார். 2013-இல் படம் வந்தது. அதைச் சொல்லி என்னிடம் வரும் இளைஞர்கள் அதிகம். தம்பி, அது முதலீடு என்று சொல்வேன். போட்டவர்களுக்கு வரவில் பங்கு. திரையரங்கில் ஓடக்கூடிய கதைப்படத்துக்கு அது பொருந்தும். லாபத்தில் பங்கு தருகிறேன் என்று ஊரெல்லாம் பணம் வாங்கினால் அதற்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன, வக்கீலைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. தொழிலாளர் அறையைப் பற்றிய எழுபது நிமிட ஆவணப்படத்தில் லாபப் பங்கு என்று ஒன்று வராது. அதற்குத் தேவை நன்கொடை. நன்கொடைக்குத் தேவை பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு.

அதே பெங்களூரில் இன்னொரு உதாரணம் எனக்கு நெருக்கமானது. ஷப்னம் விர்மானி 2003-இல் ஸ்ருஷ்டி கலை, வடிவமைப்புப் பள்ளியில் தங்கு கலைஞராக இருந்தபடி கபீர் திட்டத்தைத் தொடங்கினார். ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவு அதற்கு இருந்தது. பாடகர்களின் பின்னால் வருடக்கணக்கில் பயணம் செய்து நான்கு ஆவணப்படங்கள் முடித்தார். தனி ஒருவர் இவ்வளவு நீண்ட வேலையை வீட்டு முகவரியிலிருந்து செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பள்ளியின் கூரை தேவைப்பட்டது. 1993-இல் பெங்களூரில் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகள் கலைஞர்களுக்கு நேரடியாகவே நல்கை தருகின்றன, ஆவணப்படக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு எத்தனை பேருக்கு அப்படிக் கிடைக்கும்? தமிழில் சுயாதீனப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் சொந்த நகையையும் நண்பர்களையும் நம்பித்தான் இறங்குகிறார்கள். லீனா மணிமேகலையின் 'மாடத்தி' பலரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வந்த படம்.

நண்பர்களை நம்பி இறங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் குறும்படம் எடுத்தார். அவரிடம் சரியான வங்கிக் கணக்கு இல்லை. 'உன் கணக்குல வாங்கிக்கோ' என்றார். என் சேமிப்புக் கணக்கில் முப்பது பேரிடமிருந்து 3 லட்சத்து 40 ஆயிரம் வந்தது. நானும் நம்பி வாங்கினேன், அவரும் நம்பிச் செலவழித்தார். ரசீது இல்லை. யார் எதற்குக் கொடுத்தார் என்று எழுதி வைக்கவில்லை. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் மொத்தத் தொகையும் நம் வருமானமாகக் கணக்காகும் என்பது எனக்குத் தெரியாது. வரி கட்டினேன், அபராதமும் கட்டினேன். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. படம் பாதியில் நின்றது. கொடுத்தவர்களில் நான்கு பேர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்கள் தொகையை நான் தின்றுவிட்டதாகவே நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அந்த நண்பர் சினிமாவையே விட்டுவிட்டார்.

ஆகவே அவளிடம் நான் முதலில் சொன்னது: "உன் ஜிபே நம்பரை யாருக்கும் குடுக்காதம்மா."

இரண்டாவதாகச் சொன்னதுதான் அவளுக்குக் கசந்தது. அந்தப் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் எந்தக் கம்பெனியிடமும், அவர்களுக்கு ஆள் அனுப்பும் எந்த ஒப்பந்ததாரரிடமும் கைநீட்டாதே என்றேன். "அவங்களும் நல்லவங்கதாண்ணா, காசு குடுத்தா என்ன" என்றாள். நல்லவர்களாகவே இருக்கட்டும். அறைக்குள் அந்தப் பெண் சொல்லும் வார்த்தையை வெட்டும் மேசையில் வைக்கும்போது உன் கை ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடி படத்தில் தெரியும். கூத்து, கோயில், ஏரி, கைத்தொழில், வட்டாரத்தில் பேசப்படும் தெலுங்கு, கன்னடம், உருது என்று கம்பெனிப் பணத்தில் எடுக்க ஆயிரம் படம் இருக்கிறது. இந்தப் படம் அதில் சேராது. இதற்கு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், டாக்டர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள் ஐநூறும் ஆயிரமும் போட வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் கேட்டாள். ராட்டர்டாம் விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி 1988 முதல் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவிலும் ஒரு நிதி இருக்கிறது. நம் ஊர் டிரஸ்ட் வழியாக வாங்கிக்கொள்ளலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதவு 2020 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் ஏழாம் பிரிவைத் திருத்தி, அனுமதி பெற்ற அமைப்புகூட தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை வேறு எவருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு பெரிய அமைப்பு வாங்கிச் சிறியவர்களுக்குப் பிரித்துத் தரும் பழைய பாதை அன்றோடு போயிற்று. சின்ன ஊர்களில் இருக்கும் கலைஞர்களுக்கு இது பேரிழப்பு என்பதே என் கருத்து. அனுமதி இல்லாத உள்ளூர் டிரஸ்ட் ஒரு டாலரைத் தொட்டாலும் வம்பு. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் ஆகும். ரசீது போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

சரி, பெயர் எங்கே கிடைக்கும்? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருபது, முப்பது வருடமாக நடக்கும் படிப்பகங்கள், இலக்கிய வட்டங்கள், நினைவு அறக்கட்டளைகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு 12ஏ, 80ஜி இரண்டும் உண்டு. வருடத்துக்கு ஒரு பரிசளிப்பு விழா, ஒரு நோட்டுப் புத்தக வழங்கல், ஒரு பேச்சுப்போட்டி என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பதிவுச் சான்றிதழ் மீதி நாளெல்லாம் பீரோவில் கிடக்கிறது. அப்படி ஓர் அறக்கட்டளையின் நிர்வாகிகளிடம் அவளை அழைத்துப் போனேன்.

ஐந்து பேர். பொருளாளர், தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவள் நீட்டிய பட்ஜெட்டை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். மொத்தம் 11 லட்சத்து 60 ஆயிரம். கேமரா வாடகை, ஒலிப்பதிவாளர் பேட்டா, படத்தொகுப்பு, நிறச் சீரமைப்பு (டிஐ), சவுண்ட் மிக்ஸிங். 'மொழிபெயர்ப்பு' என்ற வரியில் விரலை வைத்தார். "இது எதுக்கும்மா தொண்ணூறாயிரம்?"

"ஐயா, அந்த ரூம்ல ஒடியா பேசறாங்க, இந்தி பேசறாங்க, சந்தாலி பேசறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணு அம்மாகிட்ட போன்ல சந்தாலில பேசுனது நாப்பது நிமிஷம் இருக்கு. அவ என்ன சொல்றான்னு தெரியாம நான் எப்படி வெட்டறது?"

அவர் அந்த வரிக்கு நேரே டிக் போட்டார். பிறகு கேட்டார்: "படம் பாதில நின்னா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. என் பழைய காயத்தையும் சொன்னேன். கடைசியில் இப்படி எழுதினார்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு நிர்வாகிகள் கையெழுத்து. மூன்று தவணையாகப் பணம், முந்தைய தவணையின் வவுச்சர்கள் வந்தால்தான் அடுத்தது. டெக்னீஷியன்களுக்கு அறக்கட்டளையே நேரடியாக வங்கியில் போட்டு, டிடிஎஸ் பிடித்துக் கட்டும். நிர்வாகத்துக்கு 6 சதவீதம். பாதியில் நின்றால் அதுவரை எடுத்த காட்சிகளின் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில் அறக்கட்டளையிடம் வரும், மிஞ்சிய பணம் கொடுத்தவர்களைக் கேட்டு வேறொரு ஆவணப்படத்துக்குப் போகும். இயக்குநர் முடியாமல் போனால் யார் முடிப்பது என்று ஒரு பெயர்.

பதிப்புரிமைதான் இடித்தது. செயலாளர், "நம்ம டிரஸ்ட் காசு, நம்ம படம்" என்றார். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்காக நான் பேச வேண்டியிருக்கவில்லை, பொருளாளரே பேசினார். பாரதம் வைக்கிற ஊர் கூத்தைச் சொந்தம் கொண்டாடுவதில்லை என்றார். தவிர, ஒரு கணக்கும் சொன்னார். படம் எங்காவது விற்று, அந்த மாதிரி வியாபார வரவு அறக்கட்டளையின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் பொதுநோக்க அறக்கட்டளை என்ற வரிச்சலுகையே போய்விடக்கூடும். எனவே பதிப்புரிமை இயக்குநருக்கு. பதிலுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிகள், நூலகங்கள், தொழிலாளர் விடுதிகளில் எப்போதும் இலவசமாகக் காட்டும் உரிமை அறக்கட்டளைக்கு. பொதுநலனுக்குத்தான் பணம் போனது என்று வரித்துறைக்குக் காட்டவும் அது வேண்டும். படத்தின் வெட்டில் நிர்வாகிகள் யாரும் தலையிடுவதில்லை என்ற வரியை அவள் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தாள்.

கூட்டத் தீர்மானம் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டபோது மணி பத்தரை. கீழே பஸ் நிலையப் பக்கம் கம்பெனி வண்டிகள் ராத்திரி ஷிப்டை ஏற்றிக்கொண்டிருந்தன.

போன மாதம் ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்தது. ஐம்பது தாள். பெயர், முகவரி, பான் எண், தொகை, நோக்கம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது என்று அடியில் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். முதல் ரசீது எழுத அவளையே உட்கார வைத்தார் பொருளாளர். கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, 1,500 ரூபாய். நோக்கம் என்ற இடத்தில் அவள் 'படத்துக்காக' என்று எழுதினாள். பொருளாளர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அதை ஒரே கோட்டில் அடித்து, மேலே தன் சிறிய எழுத்தில் எழுதினார்: 'ஓசூர் பெண் தொழிலாளர் அறைகள் – ஆவணப்படம். பேரேடு பக்கம் 31.' பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, அவளையும் போடச் சொன்னார்.

(தொடரும்)